குப்பண்ணன் கட்டுரையில் ஆட்டுக்கு இடம் உண்டா?

கேரள எல்லையோரத்து ஊரான கொல்லங்கோட்டில் பேருந்து நிற்கும் இடத்துக்கு எதிரே குடையும் பையும் விற்கிற ரஹீமாவுக்கு வருடத்தில் இரண்டு மாதம்தான் நிஜமான வியாபாரம். மழையோடு பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் பெற்றோர்களும் பிள்ளைகளும் கடைக்குள் முண்டியடிப்பார்கள். அப்போது அவளிடம் வேறு எந்தப் பேச்சும் எடுபடாது. மழை ஓய்ந்து ஊர் காய ஆரம்பித்ததும் மடிக்கணினியைக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு தன் இரண்டாவது உத்தியோகத்தில் உட்கார்ந்துவிடுவாள். இணையத்தில் தமிழில் ஒரு கலைக்களஞ்சியம் இருக்கிறது. அதில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். யார் எழுதியதையும் யார் வேண்டுமானாலும் திருத்தலாம். அதற்குக் கட்டுரை எழுதுவதும், அடுத்தவர் எழுதியதில் குற்றம் கண்டுபிடிப்பதும்தான் அந்த உத்தியோகம். சம்பளம் கிடையாது. திட்டு மட்டும் தாராளமாகக் கிடைக்கும்.

தொடங்கியதே ஒரு கோபத்தில்தான். மகள் அன்சிலா கோழிக்கோட்டுக்குப் படிக்கப் போன புதிதில், நம் ஊரைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் பாருங்கள் என்று கைபேசியில் காட்டினாள். கொல்லங்கோட்டில் தமிழ் பேசுகிறவர்கள் மிகச் சிலர் என்று அதில் இருந்தது. ரஹீமா பக்கத்துப் புதுநகரத்தில் பிறந்து கொல்லங்கோட்டில் வாழ்க்கைப்பட்டவள். வீட்டில் தமிழ், கடையில் தமிழ், சண்டை வந்தால் இன்னும் நல்ல தமிழ். உடனே அந்த வரியை அழித்து, ஏராளமானோர் என்று எழுதினாள். மறுநாள் யாரோ அதைப் பழையபடி ஆக்கி, சான்று இல்லை என்று ஒரு குறிப்பும் போட்டிருந்தார். நானே இங்கே உயிரோடு இருக்கிறேனே, இதைவிட என்ன சான்று வேண்டும் என்று இவள் கேட்டாள். நீங்கள் இருப்பது சான்றாகாது, அச்சில் வந்திருக்க வேண்டும் என்று பதில் வந்தது.

அந்த மனிதரை ஒரு மழைக்காலம் முழுக்கத் திட்டித் தீர்த்தாள். அப்புறம் மெல்ல மெல்ல அந்த விதி அவளுக்குப் பிடித்துப்போயிற்று. பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் மழைக்குக் கடை ஓரமாக ஒதுங்கி நின்று பேசுகிற பேச்செல்லாம் அவள் காதில் விழும். ஒரே கல்யாணத்தைப் பற்றி நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள். நாலு பேரும் நேரில் பார்த்தவர்கள். இவர்கள் எல்லாரும் எழுதினால் என்ன கதி என்று யோசித்த நாள் முதல் அவளும் விதியின் பக்கம் சாய்ந்துவிட்டாள். இப்போது புதிதாக வருகிறவர்களிடம் சான்று எங்கே என்று கறாராகக் கேட்பது அவள்தான். மருமகளாக வந்தவள் மாமியாராகிவிட்டாள் என்று கணவர் மூசா கேலி செய்வார். மூசாவுக்குச் சரக்கு எடுக்கக் கோயம்புத்தூருக்கும் பாலக்காட்டுக்கும் அலைவதே சரியாக இருக்கும். மனைவி மடிக்கணினியோடு சண்டை போடுவதில் அவருக்கு ஒரு நிம்மதியும் உண்டு, அந்த நேரத்தில் தன்னோடு போடமாட்டாள் என்று.

கலைக்களஞ்சியத்தில் அவள் பெயர் குடைக்கடை. எல்லாரும் அங்கே ஒரு புனைபெயரில்தான் எழுதுகிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் எழுதுகிறவர்கள் அவளை ஐயா என்றே அழைத்தார்கள். அவளும் திருத்தவில்லை. ஐயா என்று ஆரம்பித்துவிட்டால் அடுத்த வரியில் வாயாடுவதற்குக் கொஞ்சம் கூச்சப்படுகிறார்கள் என்று கண்டுகொண்டிருந்தாள்.

அந்த வட்டாரத்து எம்.எல்.ஏ. குப்பண்ணனைப் பற்றிய கட்டுரையைத் தொடங்கியதும் அவள்தான். குப்பண்ணன் பெருமாட்டிப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர். வெள்ளை வேட்டியும் பெரிய சிரிப்புமாக எந்தக் கல்யாணத்துக்கும் வந்துவிடுவார், அழைப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும். எல்லையோரப் பள்ளிகளில் தமிழ்ப் பிரிவை மூடவிடாமல் நின்றவர், வறண்ட ஊர்களுக்குக் குடிநீர்க் குழாய் கொண்டுவந்தவர் என்று நாளிதழ்ச் சான்றுகளோடு அளவாக ஒரு கட்டுரை. வருடக்கணக்கில் அதை ஒரு ஈ காக்கைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆடு வந்த பிறகுதான் கூட்டம் கூடிற்று.

ஆட்டு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். எம்.எல்.ஏ. நிதியில் மூன்று ஊர்களில் மூன்று பேருந்து நிழற்குடை கட்டியதாகக் கணக்குக் காட்டி, மூன்றின் புகைப்படத்தையும் அனுப்பியிருந்தார்கள். கேரளத்தில் நிழற்குடை கட்டினால் எம்.எல்.ஏ. பெயரை முகப்பில் பெரிதாக எழுதிவிடுவது வழக்கம். மூன்று படத்திலும் குப்பண்ணன் பெயர் பளிச்சென்று இருந்தது, ஊர்ப் பெயர் மட்டும் வேறுவேறு. மூன்று படத்திலும் பெஞ்சின் மேல் ஓர் ஆடும் நின்றிருந்தது. ஒரு கொம்பு வளைந்து காதைத் தொடுகிற ஆடு. ஒன்றில் இடப்பக்கம் பார்த்தது, ஒன்றில் வலப்பக்கம் பார்த்தது, ஒன்றில் நேராகக் கேமராவையே பார்த்தது. கட்டியது ஒரே ஒரு நிழற்குடை. பலகையை மாற்றி மாற்றி மாட்டி மூன்று பக்கத்திலிருந்து படம் எடுத்திருக்கிறார்கள். ஆட்டை விரட்ட யாருக்கும் தோன்றவில்லை.

லஞ்ச ஒழிப்பு விஜிலன்ஸ்காரர்கள் வந்து விசாரித்தார்கள், வழக்குப் பதிவாயிற்று, நாளிதழ்கள் அதற்கு ஆட்டு ஊழல் என்று பெயர் வைத்தன. குப்பண்ணன் ஓர் அறிக்கை விட்டார். ஒப்பந்தக்காரர் கொடுத்த படங்களைத் தன் அலுவலகத்தில் தற்காலிக வேலையில் இருந்த மாரீஸ்வரி என்ற பெண் கவனக்குறைவாகக் கலந்துவிட்டாள், தவறு அவளுடையது, அவளை நீக்கியாயிற்று என்று. அறிக்கை அப்படியே அச்சில் வந்தது.

அன்று மாலையே கட்டுரைக்குள் சண்டை ஆரம்பித்துவிட்டது. எதிர்க்கட்சிக்காரர்கள் குப்பண்ணனின் குடிநீரையும் பள்ளிக்கூடத்தையும் அழித்துவிட்டு, முதல் வரியிலேயே ஊழல் பேர்வழி என்று எழுதினார்கள். குப்பண்ணன் ஆட்கள் வந்து ஊழலை மொத்தமாகத் துடைத்துவிட்டு, ஏழைகளின் விடிவெள்ளி என்று போட்டார்கள். ரஹீமா இரண்டையும் தூக்கியெறிந்தாள். வழக்கு முடிகிற வரைக்கும் அது குற்றச்சாட்டுத்தான், குற்றம் இல்லை. ஒரு மனிதன் இருபது வருடம் பொதுவாழ்வில் இருந்தால் கட்டுரையும் அந்த இருபது வருடத்தைச் சொல்ல வேண்டும். ஒரு ஆடு வந்து முழுப் புல்லையும் மேய்ந்துவிடக் கூடாது. இதையெல்லாம் கட்டுரைக்குப் பின்னால் இருக்கிற உரையாடல் பக்கத்தில் பொறுமையாக விளக்கினாள். எதிர்க்கட்சிக்காரர்கள் அவளைக் குப்பண்ணனின் கைக்கூலி என்றார்கள். குப்பண்ணன் ஆட்கள் அவளை எதிர்க்கட்சியின் கைக்கூலி என்றார்கள். இரண்டு பக்கமும் கூலி வாங்குகிறவள் கடை வாடகைக்கு ஏன் திண்டாடுகிறாள் என்று மூசா வியந்துகொண்டார்.

ஒரே ஒரு விஷயத்தில் இரண்டு கட்சியும் ஒற்றுமையாக இருந்தது. மாரீஸ்வரியின் பெயரை உள்ளே போட வேண்டும். குப்பண்ணன் ஆட்களுக்குப் பழி போட ஓர் ஆள் வேண்டும். எதிர்க்கட்சிக்காரர்களுக்கு எம்.எல்.ஏ. அலுவலகத்தில் ஓர் இளம்பெண் என்று கண்ணைச் சிமிட்டி எழுத வேண்டும். ரஹீமாவுக்கு இரண்டுமே ஆகவில்லை. யாரோ பெற்ற பிள்ளை. தேர்தலில் நிற்காத, மேடை ஏறாத ஒரு பெண்ணின் பெயர் அரசியல்வாதியின் கட்டுரையில் காலத்துக்கும் கிடக்க வேண்டுமா என்று உரையாடல் பக்கத்தில் எழுதினாள். பொதுவாழ்வில் இல்லாதவர்களின் பெயரைத் தேவையில்லாமல் இழுக்கக் கூடாது என்ற விதியும் அவள் பக்கம் இருந்தது. மாரீஸ்வரி என்ற பெயர் தென்பட்டதும் எழுதியதைப் பழைய நிலைக்குக் கொண்டுபோகும் பொத்தானை அழுத்தினாள். காலையில் அழுத்தினாள், சாயந்திரம் அழுத்தினாள், குடை விலை சொல்லிக்கொண்டே அழுத்தினாள். கடைசிக் கடைசியாகத் தேயிலைக்கொழுந்து என்ற ஒரு புதுப் பெயர் வந்து விடாமல் தொல்லை கொடுத்தது. அழிக்க அழிக்க மறுபடியும் மாரீஸ்வரி. ரஹீமா பொறுத்துப் பார்த்துவிட்டு, நிர்வாகிகளிடம் சொல்லி அந்தப் பெயரைக் கொஞ்ச நாளைக்கு எழுத விடாமல் தடுத்து வைத்தாள்.

ஆட்டைப் பற்றிய வாதம் தனியாக நடந்தது. கலைக்களஞ்சியத்தில் ஆடு எல்லாம் வரலாமா என்று சிங்கப்பூர்க்காரர் கேட்டார். வழக்கே ஆட்டை வைத்துத்தானே என்றாள் ரஹீமா. யாழ்ப்பாணத்துக்காரர், ஆடு பொதுவாழ்வில் ஈடுபட்ட ஆடுதானா என்று உறுதிப்படுத்தும்படி கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தார். இதற்கிடையில் ஆட்டின் சொந்தக்காரி மருதாத்தாள் பெருமாட்டியிலிருந்து பேருந்து ஏறிக் கடைக்கே வந்துவிட்டாள். தன் ஆட்டுக்கு ராசாத்தி என்று பெயர் இருக்கிறது, வெறுமனே ஆடு என்று போட்டால் எந்த ஆடு என்று யாருக்குத் தெரியும் என்பது அவள் கட்சி. அச்சில் வந்தால் போடுகிறேன் என்று ரஹீமா அவளுக்கும் விதியைச் சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினாள். முடிவில், மூன்று படங்களிலும் ஒரே ஆடு காணப்பட்டதால் மோசடி வெளிப்பட்டது என்ற வரி நிலைத்தது.

ஒருநாள் குப்பண்ணனே வந்தார். குடைக்கடை யார் என்று இணையத்துக்குத் தெரியாதே தவிர ஊருக்குத் தெரியும். வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு, ஒரு மடக்குக் குடையைக் கையில் எடுத்து விரித்து மடக்கி, கடைசியில் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஊழலை எடுக்கச் சொல்லப்போகிறார் என்று ரஹீமா பதிலைத் தயாராக வைத்திருந்தாள்.

"வழக்கு இருந்துட்டுப் போகட்டுமுங்க, கோர்ட்டுல பாத்துக்கறேன். அந்த ஆட்ட மட்டும் எடுத்துருங்கம்மா. கல்யாண ஊட்டுக்குப் போனா, பின்னால நின்னுக்கிட்டு மே மேங்கறானுங்க. சோறு எறங்க மாட்டேங்குது."

ரஹீமாவுக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாக இருந்தது. ஆடுதான் சான்று, அதை எடுத்தால் விஷயமே விளங்காது என்று பணிவாகச் சொன்னாள். சரி, அப்படியானால் தப்புச் செய்த அந்தப் பெண்ணின் பெயரையாவது போடலாமே என்று அவர் அடுத்த கோரிக்கையை வைத்தார். அதுவும் முடியாது என்றாள். அவர் பெருமூச்சு விட்டு, எடுத்த குடையை விலை கொடுத்தே வாங்கிக்கொண்டு போனார். அன்றைக்கு ரஹீமாவுக்குத் தன்னை நினைத்து ஒரே பெருமை. எம்.எல்.ஏ.வின் முகத்துக்கு நேரே இரண்டு தடவை முடியாது என்று சொல்லியாயிற்று, ஓர் ஏழைப் பெண்ணின் மானத்தையும் காப்பாற்றியாயிற்று என்று மூசாவிடம் இரண்டு தடவை சொன்னாள்.

அந்தப் பெருமை ஒரு வாரம்கூட நிற்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில், பொள்ளாச்சிப் பேருந்திலிருந்து இறங்கிய ஒரு பெண் தெருவைத் தாண்டி நேராகக் கடைக்கு வந்தாள். தோளில் பயணப் பை, முகத்தில் தூக்கம் கெட்ட களைப்பு. குடை வாங்க வந்தவளாகத் தெரியவில்லை.

"குடைக்கடைன்னு எழுதுறது நீங்கதானாக்கா?"

ஆமாம் என்றாள் ரஹீமா.

"நான்தான் தேயிலைக்கொழுந்து. எம்பேரு மாரீஸ்வரி. தேவிகுளத்துல இருந்து வாரேன்."

ரஹீமா எழுந்து நின்றுவிட்டாள். முதலில் உட்காரம்மா என்றாள், அப்புறம் தண்ணீர் கொடுத்தாள், அப்புறம் சாப்பிட்டாயா என்றாள். அந்தப் பெண் உட்கார்ந்து தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வரிசை வீட்டில் வளர்ந்தவள். சித்தூர்க் கல்லூரிக்குத் தமிழ் படிக்க வந்து, படிப்பு முடிந்ததும் குப்பண்ணன் அலுவலகத்தில் சேர்ந்தாள். தமிழில் வருகிற மனுக்களை மலையாளத்தில் எழுதிக் கொடுப்பதும் படங்களுக்குக் குறிப்பு எழுதுவதும் வேலை. நிழற்குடைப் படங்கள் அவள் கைக்கு வந்தன. மூன்றுக்கும் குறிப்பு எழுத உட்கார்ந்தவள் ஆட்டின் கொம்பைப் பார்த்தாள். எடுத்துக்கொண்டு போய் எம்.எல்.ஏ.விடமே காட்டினாள். ஆடுன்னா எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கும் போ என்று அவர் சொல்லிவிட்டார். அவளுக்கு மனசு கேட்கவில்லை. தோட்டத்தில் ஆடு மேய்த்து வளர்ந்தவளுக்கு இரண்டு ஆடு ஒன்று போல இருக்காது என்று தெரியும். விஜிலன்ஸுக்கு அவள்தான் புகார் கொடுத்தாள்.

ரஹீமா மடிக்கணினியை இழுத்து, தான் அழித்தவற்றையெல்லாம் முதல் தடவையாக முழுசாகப் படித்தாள். கலைக்களஞ்சியத்தில் அழித்ததும் அழியாமல் பின்பக்கத்தில் இருக்கும். மற்றவர்கள் எழுதியதில் பழி இருந்தது, கண்சிமிட்டல் இருந்தது. தேயிலைக்கொழுந்து எழுதியதில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. மூன்று படங்களிலும் ஒரே ஆடு இருப்பதைக் கண்டறிந்து புகார் அளித்தவர் அலுவலக ஊழியர் மாரீஸ்வரி. பெயரைப் பார்த்ததும் பொத்தானுக்குப் போன விரல், வரியைப் படிக்கவே இல்லை.

"எனக்கு நல்லது செய்றதா நினைச்சுத்தான் அழிச்சிருப்பீங்கக்கா, அது புரியுது. ஆனா நீங்க அழிச்சதும் மிச்சம் இருக்கறது அவரு அறிக்கை மட்டுந்தான். எம்பேரப் போட்டுத் தேடுனா, கவனமில்லாத பொண்ணுன்னு வருது. வேலைக்குப் போற எடத்துல எல்லாம் அதப் பாத்துட்டு, சொல்லி அனுப்புறோம்ங்கறாங்க. லயத்துல எங்கம்மாட்ட, ஒம்மக எம்.எல்.ஏ.வையே மாட்டிவிட்டுட்டாளாமேன்னு கேக்குறாங்க. ஆட்டுக்கு எடம் குடுத்துருக்கீங்க. அந்த ஆட்டப் பாத்தவளுக்கு எடம் இல்லையா?"

ரஹீமாவுக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது, இரண்டையும் சேர்த்து முந்தானையால் துடைத்தாள். தப்பு என்னுதுதான் கண்ணு, என்றாள். உன்னைக் காப்பாத்தறதா நெனச்சு உன் வாயை அடைச்சுட்டேன்.

ஆனால் மன்னிப்புக் கேட்டதும் வரியை எழுதிவிட முடியாது. ரஹீமா இத்தனை வருடமாக எல்லாருடைய தலையிலும் போட்ட விதி இப்போது அவள் வழியில் வந்து நின்றது. மாரீஸ்வரி சொல்வது சான்றாகாது. ரஹீமா நம்புவது சான்றாகாது. அச்சில் வந்திருக்க வேண்டும். இதைச் சொன்னபோது மாரீஸ்வரி, அச்சில் போடுகிறவர்கள் யாரும் தன்னிடம் கேட்கவே இல்லையே என்றாள். எல்லாரும் எம்.எல்.ஏ.விடம்தான் போனார்கள். அது நியாயமான பேச்சாகத்தான் ரஹீமாவுக்குப் பட்டது.

ஆட்டு ஊழலை முதலில் எழுதியவன் பினு. ஒரு மலையாள நாளிதழின் உள்ளூர் நிருபர். மோட்டார் சைக்கிளில் எல்லையோரம் முழுக்கச் சுற்றுகிறவன். போன மழையில் வாங்கிய குடைக்கு இந்த மழையிலும் கம்பி மாற்றித் தரச் சொல்லி இத்தா என்று அக்கா முறை சொல்லி உரிமையோடு வந்து நிற்கிற வாடிக்கையாளன். ரஹீமா கூப்பிட்டதும் கம்பி விஷயமாக இருக்கும் என்று சந்தோஷமாக வந்தான். இவள்தான் மாரீஸ்வரி என்று ரஹீமா சொன்னதும் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். அவளை இதுவரை அவன் பார்த்ததில்லை, பெயரை மட்டும் எழுதியிருக்கிறான்.

புகார் கொடுத்தது யார் என்று உனக்குத் தெரியாதா என்று ரஹீமா அவனைக் கேட்டாள். பினு தலையைச் சொறிந்தான். பத்திரிகையாளர் கூட்டத்தில் விஜிலன்ஸ் அதிகாரி சொன்னார்தான், எம்.எல்.ஏ. அலுவலகத்துப் பெண் ஊழியர் ஒருவர் கொடுத்த புகாரின் பேரில் என்று. அந்த வரியை அவன் எழுதியும் கொடுத்திருக்கிறான்.

"பின்னே என்னாச்சு?"

"ஆட்டோட ஃபோட்டோ பெருசா போடணும்னு ஆபீஸ்ல பறஞ்சாங்க இத்தா. எடம் பத்தல. அந்த ஒரு வரிய எடுத்துட்டேன்."

முதலில் சிரித்தது மாரீஸ்வரிதான். எல்லா இடத்திலும் தன்னை அந்த ஆடு முட்டித் தள்ளியிருக்கிறது என்று சொல்லிச் சிரித்தாள். ரஹீமாவும் சிரித்தாள். பினுவுக்குச் சிரிக்கலாமா என்று தெரியவில்லை. மூசா கொண்டுவந்து கொடுத்த டீயை ஊதி ஊதிக் குடித்தான். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு மாரீஸ்வரிக்கு எதிரே உட்கார்ந்தான். பெயரைப் போடலாமா என்று அவன் கேட்டதற்கு, அதற்காகத்தானே மலை இறங்கி வந்திருக்கிறேன் என்றாள் அவள். விஜிலன்ஸ் அலுவலகத்திலும் பேசிக் கேட்டு, அதிகாரி சொன்னதன் பதிவையும் தேடி எடுத்து, குப்பண்ணனிடமும் ஒரு வார்த்தை கேட்டு, பினு செய்தியை எழுதினான். குப்பண்ணன் கருத்துச் சொல்ல மறுத்துவிட்டார் என்று கடைசி வரி. இந்தத் தடவை ஆட்டின் படம் இல்லை, மாரீஸ்வரியின் படம் இருந்தது.

செய்தி வந்த அன்று காலையில் ரஹீமா கடையைத் திறந்ததும் விளக்குமாற்றைக்கூட எடுக்கவில்லை. கட்டுரையைத் திறந்து, தேயிலைக்கொழுந்து எழுதிய வரியை அப்படியே எடுத்துப் போட்டு, பக்கத்தில் சான்றைச் சேர்த்தாள். எழுத விடாமல் வைத்திருந்த தடையையும் நீக்கச் சொல்லி, தவறு தன்னுடையது என்று எல்லாரும் பார்க்கிற இடத்தில் எழுதினாள்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. இத்தனை நாள் மாரீஸ்வரியின் பெயரைப் போடு போடு என்று மல்லுக்கட்டிய இரண்டு கட்சியும் இப்போது அதை எடு எடு என்று வந்து நின்றது. தங்கள் தலைவரைக் காட்டிக் கொடுத்தது அவர் அலுவலகத்துப் பெண்ணே என்று ஊருக்குத் தெரிவது குப்பண்ணன் ஆட்களுக்குக் கசந்தது. ஊழலைத் தாங்கள்தான் தோண்டி எடுத்தோம் என்று மேடை மேடையாகப் பேசிவிட்ட எதிர்க்கட்சிக்காரர்களுக்கு அது இன்னும் கசந்தது. இரண்டு பேரும் ரஹீமா முன்பு எழுதியதையே வெட்டி எடுத்து அவள் முன்னால் வைத்தார்கள். தேர்தலில் நிற்காத, மேடை ஏறாத ஒரு பெண்ணின் பெயர் அரசியல்வாதியின் கட்டுரையில் காலத்துக்கும் கிடக்க வேண்டுமா, ஐயா? ஒரு சொல் மாறாமல் அவளுடைய வாக்கியம்.

மூசா எட்டிப் பார்த்துவிட்டு, நல்லா எழுதியிருக்காங்களே என்றார்.

ரஹீமா அவரை முறைத்துவிட்டு யோசித்தாள். தான் எழுதியதில் அப்போது பொய் இல்லை. பழி சுமத்த மட்டும் ஒரு பெயரை இழுப்பது இன்றைக்கும் தவறுதான். ஆனால் அன்றைக்கு அவள் அந்தப் பெண் என்ன செய்தாள் என்று கேட்கவில்லை. அவள் பெயரால் மற்றவர்கள் என்ன செய்யப் பார்க்கிறார்கள் என்று மட்டும் பார்த்தாள். உரையாடல் பக்கத்தில் எழுதினாள். அவர் இப்போது செய்தியின் ஓரத்தில் இருப்பவர் அல்லர், செய்தியைத் தொடங்கியவர். தன் பெயரோடு தானே முன்வந்து சொல்லியிருக்கிறார், நாளிதழ் விசாரித்து அச்சிட்டிருக்கிறது. இந்தப் பெயரை எடுத்துவிட்டால், மோசடியைக் கண்டுபிடித்தது ஆடு என்று ஆகிவிடும். ஆட்டுக்கு அந்தத் திறமை உண்டு என்பதற்குச் சான்று இருந்தால் தரவும். கடைசியில், நான் ஐயா அல்ல, அம்மா என்றும் சேர்த்துக்கொண்டாள்.

சிங்கப்பூர்க்காரர் வரியை வைக்கலாம் என்றார். யாழ்ப்பாணத்துக்காரர், அம்மா சொன்னால் சரி என்றார். இன்னும் சிலரும் ஒப்புக்கொண்டார்கள். இரண்டு கட்சிக்காரர்களும் கொஞ்ச நேரம் கத்திப் பார்த்துவிட்டு வேறு யாருடைய கட்டுரைக்கோ சண்டை போடப் போனார்கள். வரி நின்றுவிட்டது.

இரண்டு நாள் கழித்துத் தெரியாத எண்ணிலிருந்து ரஹீமாவுக்கு ஓர் அழைப்பு வந்தது. மாரீஸ்வரியின் அம்மா சுருளியம்மாள். கொழுந்து எடுக்கிற வேலை முடிந்து வந்ததாகச் சொன்னாள்; பின்னால் பெண்களின் பேச்சுச் சத்தம் கேட்டது. எழுதப் படிக்கத் தெரியாது, பக்கத்து வீட்டுப் பிள்ளை போனில் எடுத்து வாசித்தது, என்றாலும் எழுதின ஆள் வாயால் ஒரு தடவை கேட்க வேண்டும் என்றாள். ரஹீமா மடிக்கணினியைத் திறந்து அந்த வரியை மெதுவாக வாசித்தாள். மாரீஸ்வரி என்ற இடத்தில் அந்தப் பக்கம் பேச்சுச் சத்தம் நின்றுபோயிற்று. இன்னொரு தடவை என்று கேட்டாள் சுருளியம்மாள். இந்தத் தடவை போனைச் சுற்றியிருப்பவர்களுக்கும் கேட்கும்படி வைத்திருக்கிறாள் என்று ரஹீமாவுக்குத் தெரிந்தது. அவளும் சத்தமாகவே வாசித்தாள்.

"இனி இத யாரும் அழிக்க முடியாதுல்ல தாயி?"

பொய் சொல்ல ரஹீமாவுக்கு மனம் வரவில்லை. யார் வேண்டுமானாலும் அழிக்கலாம், அந்த இடத்தின் வழக்கமே அதுதான் என்று சொன்னாள். அழித்தால் திரும்ப எழுதுவேன் என்றாள். மறுபடி அழித்தால், மறுபடியும் எழுதுவேன்.

சுருளியம்மாளின் குரல் போனுக்கு நெருங்கி வந்தது.

"அப்ப நீங்க நல்லாருக்கணும்," என்றாள். "மழை நேரத்துல கடைல ஒக்காந்துருக்கீக. ஒடம்பப் பாத்துக்கங்க. வேளைக்குச் சாப்பிடுங்க."

சரி என்றாள் ரஹீமா. போனை வைத்துவிட்டு, மதியத்திலிருந்து மூடியே கிடந்த சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து சாப்பிட உட்கார்ந்தாள்.